கூப்பிட்டால் திரும்பாத குழந்தை



ஒரு தீபாவளிச் சமயம். பினாங்கு லிட்டில் இந்தியாவில், நம்மவர்கள் கடைத்தெரு என்று அழைக்கும் மார்க்கெட் ஸ்திரீட் வழியே நடந்து கொண்டிருந்தேன். கடைக்குக் கடை ஒலிபெருக்கி முழங்கியது. தோட்டத்திலிருந்து துணி எடுக்க வந்த ஒரு குடும்பத்தின் சிறுவன், மூன்று வயதிருக்கும், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் புரண்டு கதறினான். "பிள்ளை வளர்த்த லட்சணத்தைப் பார்!" என்றார் கூட்டத்தில் ஒருவர். தாய் தலை குனிந்தார்.

அந்தச் சொல் என்னையும் சுட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். போத்தல் மூடி ஒன்றை நாள் முழுவதும் சுழற்றிக் கொண்டிருப்பான். பிடிவாதம் என்று எண்ணிப் பிரம்பால் அடித்தேன். அவனிடம் பிடிவாதம் இல்லை; என்னிடம் அறியாமை இருந்தது.

அது ஆட்டிசமாக இருந்திருக்கலாம் என்று பின்னரே உணர்ந்தேன். தமிழில் இதனை மதியிறுக்கம் என்பர். 1943-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் லியோ கேனர் பதினொரு குழந்தைகளைக் கவனித்து இதைப் பற்றி எழுதினார். தாயின் பாசக் குறைவே காரணம் என்று பிற்பாடு சிலர் கூறினர். அது தவறென்று ஆராய்ச்சிகள் காட்டிவிட்டன. இது மூளை வளர்ச்சியில் ஏற்படும் வேறுபாடு. தாயின் குற்றமுமல்ல, சாமி குற்றமுமல்ல. வீட்டில் தமிழ் பேசுவதாலும் வருவதில்லை.

எப்படி அறிவது? ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா? முகம் பார்த்துச் சிரிக்கிறதா? ஒன்றரை வயதில், "அதோ பார்" என்பது போல் விரல் நீட்டிக் காட்டுகிறதா? இரண்டு வயதில் "அம்மா வா" என்று இரு சொல் சேர்த்துப் பேசுகிறதா? பேசிய சொற்களை இழந்துவிட்டதா? பொருள்களை ஓயாமல் வரிசையாக அடுக்குகிறதா, கைகளை உதறுகிறதா, சத்தத்தைத் தாங்க முடியாமல் துடிக்கிறதா? இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் ஆட்டிசம் என்று முடிவு கட்டக்கூடாது. சில சேர்ந்திருந்தால் தாமதிக்கவும் கூடாது. பேச்சை இழந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

"ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்" என்று பாட்டிமார் தேற்றுவார்கள். அதை நம்பி வருடங்களைக் கழிக்காதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் குழந்தைக்கு ஒன்றரை வயதாகும்போது தாதியர் ஒரு கேள்வித்தாள் கொண்டு விசாரிப்பார்கள். வெட்கப்பட்டு மறைக்காமல் உள்ளதைச் சொல்லுங்கள். காது கேட்கிறதா என்றும் பரிசோதிக்கக் கேளுங்கள். மருத்துவர் உறுதி செய்தால், சமூக நல இலாகாவில் பதிந்து மாற்றுத்திறனாளி அட்டை பெறலாம். பள்ளி வயதில் சிறப்புக் கல்வி வகுப்புகளும் உண்டு.

வீட்டில் செய்ய வேண்டியவை செலவில்லாதவை. குழந்தையின் முகத்துக்கு நேராக உட்காருங்கள். "தண்ணி வேணுமா?" என்பது போலச் சின்னச் சொற்களில் பேசி, பதிலுக்குப் பொறுத்திருங்கள். அது மூடி சுழற்றினால் நீங்களும் ஒன்றைச் சுழற்றுங்கள். அதன் விளையாட்டில் நுழைந்தால்தான் அது உங்களைப் பார்க்கும். குளிப்பதும் உண்பதும் உறங்குவதும் நாள்தோறும் ஒரே ஒழுங்கில் நடக்கட்டும். மாற்றம் வருமானால் முன்னதாகவே சொல்லி வையுங்கள். அடிக்காதீர்கள். மந்திரித்த கயிறு கட்டுவது உங்கள் மன ஆறுதலுக்கு என்றால் கட்டுங்கள். அதற்காகக் கிளினிக் போகும் நாளைத் தள்ளிப் போடாதீர்கள்.

கடைத்தெருவுக்குப் போக வேண்டுமா? கூட்டம் சேருமுன் காலையில் போங்கள். இப்படிக் கதறும் குழந்தையை மற்றவர்கள் கண்டால், பழி சொல்லாமல் சற்று விலகி வழி விடுங்கள். அன்று அந்தத் தாய்க்கு வேண்டியிருந்தது அவ்வளவே.

நான் அடித்த அடியைத் திரும்ப எடுக்க முடியாது. உங்கள் லயத்திலோ, பக்கத்து வீட்டிலோ கூப்பிட்டால் திரும்பாத குழந்தை ஒன்று இருக்கக்கூடும். அதன் பக்கம் நாம் திரும்புவோம்.