தலைப்பை மாற்றாதீர்கள்



முனைவர் பட்டத்திற்குச் சாதியைப் பற்றி ஆய்வு செய்ய விரும்பும் நம் பிள்ளைகளிடம், "அது உன் சொந்த அனுபவம், வேறு தலைப்பு எடு" என்று சொல்கிறார்கள். அவர்களுக்காக இந்த நினைவு நாளில் ஒருவரைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

ரால்ஃப் பன்ச். அமெரிக்காவில் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். 1934இல் ஹார்வர்டில் பெற்றார். மேற்கு ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு ஆட்சி எப்படி நடந்தது என்பதை அங்கேயே சென்று ஆராய்ந்தார். இனப் பிரிவினைக்கு அறிவியல் அடிப்படை இல்லை, அது ஆதிக்கத்துக்குப் பயன்படும் ஏற்பாடு என்று 1936இல் ஒரு சிறுநூலில் வாதிட்டார்.

1949இல் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் போர்நிறுத்த உடன்படிக்கைகள் ஏற்பட ஐ.நா. சார்பில் பாடுபட்டார். 1950இல் நோபல் அமைதிப் பரிசு. 1953இல் அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் தலைமை.

இத்தனைக்கும் பிறகு, 1959இல் நியூயார்க்கில் ஒரு டென்னிஸ் மன்றம், கறுப்பினத்தவர் என்பதால் அவர் மகனைச் சேர்க்க மறுத்தது. கண்டனம் எழுந்ததும் அழைத்தது. அவர்கள் போகவில்லை.

படிப்பு அவரை உயர்த்தியது; வாசலில் இருந்த விதி அப்படியேதான் இருந்தது. அந்த விதியைத்தான் அவர் இளமையிலேயே ஆய்வுப் பொருளாக எடுத்திருந்தார்.

அடித்தவர் எழுதினால் நடுநிலை, அடிபட்டவர் எழுதினால் சார்பு என்பார்கள். பிள்ளைகளே, தரவுகளைத் திரட்டுங்கள், கடுமையாக உழையுங்கள். தலைப்பை மட்டும் மாற்றாதீர்கள்.

ஜெய்பீம்.