சாமன் மீனும் ஆறு நாளும்

ஸ்கொத்லாந்தின் ஸ்பே நதி பல துறைகளாக வகுக்கப்பட்டு, சாமன் மீன் பிடிப்போர்க்கு வாரக் கணக்கில் குத்தகைக்கு விடப்படுகின்றது. வாரமென்பது ஆறு நாளே. ஞாயிறன்று அம்மீனைப் பிடித்தலைச் சட்டம் தடுக்கின்றது.

முட்டையிடும்பொருட்டுக் கடலினின்று ஆற்றில் ஏறும் சாமன், பின்னர் இரை உண்பதில்லை. ஆயினும், இறகும் நூலும் கொண்டு புனைந்த பொய்ப்பூச்சியை ஒரோவேளை கவ்வுகின்றது; காரணம் இன்றும் தெளிவாகவில்லை. ஆதலின், இடுப்பளவு நீரில் நின்று ஆறு நாளும் தூண்டில் வீசியவர் வெறுங்கையோடு திரும்புதலும் உண்டு.

2023 இல் பிரித்தானியச் சாமன், அழியும் அபாயமுள்ள இனமெனப் பட்டியலிடப்பட்டது. ஸ்கொத்லாந்தில் ஏப்பிரல் முதலாந் திகதிக்கு முன் பிடிபடும் மீனை உயிரோடு விட்டுவிடல் வேண்டும் என்பது சட்டம். எனவே, நேயர்களே, அரிதின் ஒரு மீனைப் பெற்றவரும் அதனை நீரோட்டத்தை எதிர்நோக்கித் தாங்கி, அது மூச்சுத் தெளிந்தபின் போகவிடுகின்றார். பெற்றதை விடுத்தலே அவ்வேட்டையின் அறமாயிற்று.