வனேடியம் ஆக்சைடும் ஒரு காலி இடமும்



வெயில் ஏறினால் தானாகவே வெப்பத்தைத் தடுக்கும் ஜன்னல் கண்ணாடி வரப்போகிறது என்று அவ்வப்போது செய்தி படிக்கிறோம். அந்தச் செய்திகளில் பெரும்பாலும் அடிபடும் பெயர் வனேடியம் டை ஆக்சைடு. சாதாரண வெப்பத்தில் இதன் வழியே மின்சாரம் லேசில் பாயாது. சுமார் 68 டிகிரி செல்சியசைத் தாண்டினால் உலோகம்போல் ஆகிவிடும். அகச்சிவப்புக் கதிர்களையும் தடுக்கத் தொடங்கும். இத்தனைக்கும் அது உருகுவதில்லை. குளிர்ந்த நிலையில் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்திருக்கும் வனேடியம் அணுக்கள், சூட்டில் பிரிந்து சம இடைவெளியில் வரிசையாகிவிடுகின்றன, அவ்வளவுதான். 1959-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த மோரின் இதைக் கண்டறிந்து எழுதினார்.

நல்ல ஒற்றைப் படிகத்தில் மின்தடை ஓரிரு டிகிரிக்குள் லட்சம் மடங்கு வரை சரியும். மென்படலத்தில் அந்த வேகம் கிடைப்பதில்லை. படலம் என்பது நுண்ணிய படிக மணிகளின் கூட்டம். ஒவ்வொரு மணியும் சற்றே வேறு வெப்பநிலையில் மாறுகிறது. பழியைப் படிகக் குறைபாடுகள்மேல் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் மாற்றத்தைத் தொடங்கிவைப்பதே அவைதான். தூசு இல்லாத தூய நீர்த்துளி பூஜ்ஜியத்துக்குக் கீழே 30 டிகிரி போனாலும் உறையாமல் நிற்குமல்லவா, அதே கதைதான் இங்கும். ஓக் ரிட்ஜ், வாண்டர்பில்ட் ஆய்வாளர்கள் 2002-இல் இந்த ஆக்சைடின் நானோ துகள்களைச் சிலிக்காவுக்குள் உருவாக்கிப் பார்த்தார்கள். துகள் சிறியதாக ஆக, அதற்குள் பொருத்தமான ஒரு குறைபாடு இருக்கும் வாய்ப்பும் குறைந்தது. அத்தகைய துகள்கள் 68 டிகிரிக்கு வெகு கீழே குளிர்ந்த பிறகும் உலோக நிலையிலேயே நின்றன.

இன்னொரு வகைக் குறைபாடு, ஆக்சிஜன் அணு இருக்கவேண்டிய இடம் காலியாகக் கிடப்பது. அப்படி ஓர் இடம் காலியானால் இரண்டு எலெக்ட்ரான்கள் மிஞ்சும். அவை வனேடியம் ஜோடிகளைக் குலைப்பதால் மாற்றம் குறைந்த வெப்பத்திலேயே நடந்துவிடுகிறது. வேண்டுமென்றே டங்ஸ்டன் கலப்பதும் இதற்காகத்தான். நூறு வனேடியம் அணுக்களில் ஒன்றை அகற்றி டங்ஸ்டனை வைத்தால் ஏறக்குறைய 20 டிகிரி இறங்கும். ஜன்னலுக்கு அது உதவும், ஆனால் மாற்றத்தின் வீச்சும் கூடவே சுருங்கும். செய்திகள் இதைச் சொல்வதில்லை!

கலிபோர்னியாவில் ஐபிஎம் ஆய்வகத்தார் 2013-இல் வெளியிட்ட சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. படலத்தின்மேல் அயனித் திரவம் வைத்து மின்னழுத்தம் கொடுத்தார்கள். எவ்வளவு குளிர்வித்தாலும் படலம் உலோகமாகவே இருந்தது. மின்புலம் எலெக்ட்ரான்களை இழுத்துக் குவித்ததுதான் காரணம் என்றால், திரவத்தைக் கழுவியதும் பழைய நிலை திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. சோதனையை ஆக்சிஜன் வாயு சூழச் செய்து பார்த்தபோதோ அந்த விளைவே எழவில்லை. மின்புலம் படலத்திலிருந்து பிடுங்கியது ஆக்சிஜனைத்தான்.