குதிரை தரும் பாடம்



குதிரை என்றதும் பெங்களூரில் இருக்கும் நமக்கு ரேஸ்தான் ஞாபகம் வரும். ரேஸில் சம்பளத்தை விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு வந்தவர்கள் உண்டு. அந்தப் பேச்சு இன்று வேண்டாம். "நாங்களே இப்போதுதான் படிக்கிறோம். பிள்ளைக்கு என்ன சொல்லித் தர முடியும்?" என்று சில அம்மாக்கள் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

ஃபவாத் மிர்சா நம் பெங்களூர்க்காரர். 2018-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் குதிரையேற்றத்தில் இரண்டு வெள்ளிப் பதக்கம் வாங்கினார். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டார். குதிரை ஏறப் பழகுபவர் முதலில் காதால் எண்ணப் பழக வேண்டும். குதிரை மெதுவாக நடந்தால் குளம்புச் சத்தம் நாலு. கொஞ்சம் வேகம் எடுத்தால் இரண்டு. இன்னும் வேகமானால் மூன்று. அந்தத் தாளத்தோடு உடம்பு அசையாவிட்டால் கீழே விழ வேண்டியதுதான்!

குதிரை ஏறிப் பழகப் பணம் நிறைய வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அது எளிதில் கிடைக்காது. ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தும் நிறையக் கற்கலாம். கல்யாண ஊர்வலத்துக் குதிரை போதும்.

குதிரையின் உயரத்தை 'கை' என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு கை 4 அங்குலம். 15 கை என்றால் எத்தனை அடி? பிள்ளையைக் கேளுங்கள். 60 அங்குலம், அதாவது 5 அடி. முதுகு மேடு வரைதான் இந்த அளவு. தலையைச் சேர்ப்பதில்லை. 400 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்குச் சுமார் 8 கிலோ தீனி தின்னும். மாதச் செலவு எவ்வளவு? ஜட்கா ஓட்டியவர்கள் பள்ளிக்கூடம் போகாமலே இந்தக் கணக்கைப் போட்டவர்கள்.

லாடம் அடித்தால் வலிக்காதா என்று பிள்ளை கேட்கும். குளம்பின் வெளி ஓரம் நம் நகம் போன்றது. அதில் உணர்ச்சி இல்லை. ஆணி கொஞ்சம் உள்ளே போய்விட்டால் குதிரை நொண்டும். இன்னொன்று. குதிரையின் கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. நேர் பின்னால் இருப்பது அதற்குத் தெரியாது. திடீரென்று பின்னால் போனால் பயந்து உதைக்கும். இதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

தண்ணீர் மோட்டாரில் 'எச்.பி.' என்று இருக்குமே, அது குதிரைச் சக்திதான்.

ஜே.சி. நகரில் மைசூர் குதிரைப்படை வீரர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1918 செப்டம்பர் 23-ல் அவர்களும் ஜோத்பூர் வீரர்களும் ஹைஃபா என்ற துறைமுக ஊரைப் பிடித்தார்கள். எதிரியிடம் இயந்திரத் துப்பாக்கி இருந்தது. இவர்கள் கையில் ஈட்டியும் வாளும் இருந்தன. அந்த ஊர் இன்று இஸ்ரேல் நாட்டில் இருக்கிறது. உலகப் படத்தில் அதைத் தேடச் சொல்லுங்கள். நம்மை ஆண்ட ஆங்கிலேயருக்காக அவர்கள் ஏன் அங்கே போய்ப் போரிட்டார்கள் என்று பிள்ளை கேட்டால் மிகவும் நல்லது. டீச்சரிடமும் கேட்கட்டும்.

தமிழில் குதிரை, கன்னடத்தில் குதுரெ. இதை எழுதிக் காட்டுங்கள். அடுத்த ஊர்வலத்தில் குதிரைக்காரரிடம் குதிரையின் வயதைக் கேளுங்கள். அவர் அதன் பல்லைப் பார்த்துச் சொல்வார்.