கித்துல்கலைக்குப் போகும் நம் தண்ணீர்



பெருவிலும் நமீபியாவிலும் மணல்மேட்டு உச்சிவரை மூச்சுவாங்க ஏறி, காலில் பலகையை மாட்டிக்கொண்டு சறுக்கி வருவதற்கென்றே பயணிகள் போகிறார்கள். பொகவந்தலாவையில் அவ்வளவு மணலுக்கு எங்கே போவது? நம்மிடம் இருப்பது சரிவும் தண்ணீரும். அந்தத் தண்ணீரில் சறுக்கத்தான் வெளிநாட்டார் கித்துல்கலைக்கு வருகிறார்கள்.

நோர்வூட், ஹட்டன், கினிகத்தேனை தாண்டிக் கொழும்பு வீதியில் இறங்கினால் கித்துல்கலை. 1957இல் வந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்துக்காக ஆற்றின் குறுக்கே பாலம் கட்டி, அதைத் தகர்த்ததும் அங்கேதான். இப்போது அதே ஆற்றில் காற்றடைத்த றப்பர் படகுகள் பாறைகளுக்கிடையே துள்ளிக்கொண்டு போகின்றன.

அது களனி கங்கை. நம் கெசல்கமுவ ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடி உண்டான ஆறு. ஆனால் நம் தண்ணீர் நேரே அங்கே போய்ச் சேர்வதில்லை. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தேங்கி, 1965இல் இயங்கத் தொடங்கிய விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றி, நோர்ட்டன் பிரிட்ஜில் மறுபடி தேங்கி, 1950இல் வந்த பழைய லக்ஷபான மின்நிலையத்தைச் சுழற்றி, மலைக்குள் குடைந்த வழியாகப் பொல்பிட்டிய மின்நிலையத்துக்குப் போகிறது. மூன்று இடத்தில் வேலை செய்து முடித்த பிறகுதான் அதற்கு விளையாட நேரம்! பின்னர் கித்துல்கலைக்கு அருகே 35 மெகாவாட் பிரோட்லண்ட்ஸ் நிலையமும் சேர்ந்துகொண்டது. அத்திட்டம் பேசப்பட்ட நாளிலேயே, ஆற்றில் தண்ணீர் குறைந்தால் பிழைப்பு என்னாவது என்று படகு விடுவோர் எதிர்த்தார்கள்.

ஆக, கித்துல்கலையில் படகு எப்படி ஓடும் என்பதில் மழைக்கு எவ்வளவு பங்கோ, மின்நிலையத்துக்கும் அவ்வளவு பங்கு. இது படகுக்காரருக்குத் தெரியும். குளிக்க இறங்கும் நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? அணைக்கட்டுக்குக் கீழே உள்ள ஆற்றில், வானம் வெளுத்திருக்கும்போதே தண்ணீர் ஏறலாம். மேலே வான்கதவு திறந்திருக்கும்.

படகில் போகிறவர் தலைக்கவசமும் மிதவை அங்கியும் போடாமல் ஏற முடியாது. தவறி விழுந்தால் மல்லாந்து படுத்து, கால்களை நீர் ஓடும் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். ஓடும் ஆற்றில் எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் பாதம் சிக்கிக்கொள்ளும். பின்னாலிருந்து வரும் வேகம் ஆளைக் கவிழ்த்து அமுக்கிவிடும். நிற்கத் தோன்றுவது இயல்புதான். அதனாலேயே படகு புறப்படுமுன் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

எனக்கு ஒரு ஆதங்கம். ஹட்டனிலிருந்து கொழும்புக் கடைகளுக்கு வேலை தேடிப் போகும் நம் இளைஞர்கள் கித்துல்கலை வழியாகத்தான் பஸ்ஸில் போகிறார்கள். படகு வழிகாட்டி வேலையும் அங்கே இருக்கிறது. அதற்கு முதலில் நீந்தத் தெரிய வேண்டும். காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்துக்கொண்டே வளர்கிற பிள்ளைக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க நாம் ஒரு பாதுகாப்பான இடம் ஒதுக்கியிருக்கிறோமா? தோட்ட நிர்வாகமும் பாடசாலையும் பிரதேச சபையும் சேர்ந்து உட்கார்ந்து பேசினால், அடுத்த விடுமுறைக்குள் ஆரம்பித்துவிடக்கூடிய காரியம் இது.