உழைக்கும் பெண்ணின் வயிற்றுக் கொழுப்பு

(கணியம்பாடியில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தொந்தி என்றதும் முதலாளிதான் நம் நினைவுக்கு வருவான். கேலிச் சித்திரங்கள் நம்மை அப்படிப் பழக்கிவிட்டன. ஆனால் வேலை முடிந்து ஷூ கம்பெனியிலிருந்து வெளிவரும் நம் சகோதரிகளைப் பாருங்கள். கைகால் மெலிந்திருக்கும், வயிறு மட்டும் முன்தள்ளியிருக்கும். இது செழிப்பின் அடையாளமல்ல, நோயின் முன்னறிவிப்பு.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடையுள்ளவர்கள். எடை மட்டும் விஷயமல்ல. கொழுப்பு எங்கே தங்குகிறது என்பதும் முக்கியம். பிரான்ஸ் நாட்டு டாக்டர் ழான் வாக் 1947-லேயே இதைக் கவனித்தார். இடுப்பிலும் தொடையிலும் தங்கும் கொழுப்பு அதிகம் கெடுப்பதில்லை. குடலைச் சுற்றித் தங்குவதோ ஈரலுக்குள் இறங்குகிறது. பிறகு இன்சுலின் வேலை செய்தும் பலன் குறைகிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்குக் கொழுப்பு வயிற்றுப் பக்கமே சேர்கிறது.

பட்டினி கிடந்த வம்சத்துக்கு இது ஏன் வருகிறது? 1969 முதல் 1973 வரை வேலூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளை, அவர்கள் வளர்ந்த பின்பும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். எடை குறைவாகப் பிறந்து, பின்னால் சதை போட்டவர்களுக்குச் சர்க்கரைக் கோளாறு அதிகம் என்று வெளியிட்டார்கள். அதாவது, கர்ப்பிணித் தாயின் அரைவயிற்றுக் கஞ்சிக்குப் பிள்ளை முப்பது வயதில் வட்டி கட்டுகிறது!

"நாளெல்லாம் உழைக்கிறோமே, தேகப் பயிற்சி எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தையல் மிஷின் முன் எட்டு மணி நேரம் குனிந்திருப்பவளுக்கு விரலும் பாதமும்தான் அசைகின்றன. முதுகு வலிக்கிறது, தேகம் உறுதிப்படுவதில்லை. நாற்று நடுகிறவளுக்கோ வேலை சில மாதம். மற்ற மாதங்களில் கூலியுமில்லை, நடமாட்டமுமில்லை.

சாப்பிட்ட சர்க்கரையை அதிகம் செலவழிப்பது தசை. அதனால் வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் சொன்ன அளவு இது. எடை குறையாவிட்டாலும் இன்சுலின் நன்றாக வேலை செய்யும்.

ஆனால் அந்த அரை மணி நேரத்தை யார் தருவது? ஆண் தோழர்களே, அடுப்பிலும் தண்ணீர்க் குடத்திலும் பங்கெடுங்கள்! பாதி நேரம் அங்கே கிடைக்கும். மீதியைப் போராடித்தான் பெற வேண்டும். மிஷினை விட்டு எழுந்து நடக்க இடைவேளை கேட்போம். பீஸ் கணக்கு காட்டி மூச்சு விடவும் நேரம் தராத முறையை எதிர்ப்போம். ரேஷனில் அரிசி கிடைக்கிறது; பயறும் சிறுதானியமும் போதிய அளவில் கேட்போம்.

இன்றே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. தையற்காரரின் டேப் போதும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே அளந்து பாருங்கள். பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், ஆணுக்கு 90. அதைத் தாண்டினால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தவர்கள் தாமதிக்கவே கூடாது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் ஊழியர் உங்கள் தெருவுக்கு வராவிட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டமாகப் போய்க் கேளுங்கள்.

கூலி உயர்வுக்குப் போராடும் நாம், அந்தக் கூலியை ஈட்டும் தேகத்தையும் காப்போம்!