எவருக்குப் பயன்படும் இச்சிகிச்சை?

உடலெங்கும் நோவு, இரவு முழுதும் உறங்கியெழுந்தாலும் நீங்காத களைப்பு, இரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்றேப் படத்திலும் யாதொரு பழுதும் இல்லை. இத்தகையவரை வீட்டார் ஐயுறுகின்றனர். சில வேளைகளில் வைத்தியரும் ஐயுறுவதுண்டு. இவ்வருத்தத்துக்கு இன்று வழங்கும் பெயர் பைப்ரோமயால்ஜியா. ஆண்களைக் காட்டிலும் பெண்களிடத்தே இது மிகுதியாகக் கண்டறியப்படுகின்றது.

1904 ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் வில்லியம் கவர்ஸ், தசைகளைச் சார்ந்த நார்த்திசு அழற்சியுறுவதே இவ்வகை நோவுக்குக் காரணமென்று கருதி, அதற்கேற்ற பெயரொன்றையுஞ் சூட்டினார். பின்வந்தோர் தேடியும் அவ்வழற்சி அகப்படவில்லை, பெயரும் மாறிற்று. 1990 இல் அமெரிக்க வாதநோய் வைத்தியர் கழகம் உடலில் 18 இடங்களைக் குறித்து, அழுத்தும்போது 11 இடங்களிலேனும் நோவு தோன்றவேண்டுமென விதித்தது. 2010 இல் வகுத்த புதிய விதிகளில் அவ்வெண்ணிக்கை இடம்பெறவில்லை. சிறு தூண்டலையும் நரம்பு மண்டலம் பெருநோவாக்கி உணர்த்துகின்றது என்பதே இக்காலக் கருத்து.

மாத்திரையால் மட்டும் தீர்வதன்று ஆதலின், படிப்படியான தேகப்பயிற்சி, நோயைப் பற்றிய விளக்கம், உளவியலாளரின் துணை ஆகியவற்றை ஒருங்கே அளிக்கும் கூட்டுச் சிகிச்சை தோன்றியது. அதனாற் சிலர் தேறினர். வேறு சிலர் வந்தபடியே திரும்பினர். தேறுபவர் யாரென முன்னரே அறியக்கூடுமா?

அமெரிக்க உளவியலாளர் டெனிஸ் டர்க்கும் அவருடன் உழைத்தோரும் 1998 இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கருதத்தக்கது. அவர்கள் நோயாளரை, நோவுடன் அவர் வாழும் வகையை நோக்கி, மூன்றாகப் பிரித்தனர். கடும் நோவால் அன்றாடக் கருமங்கள் முடங்கியோர் ஒரு சாரார். தம்மைச் சூழ்ந்தோர் ஆதரவின்றிக் கடிந்துகொள்வதாக உணர்ந்தோர் மற்றொரு சாரார். நோவிருந்தும் ஓரளவு சமாளித்தோர் மூன்றாஞ் சாரார். மூவகையினர்க்கும் அளித்த சிகிச்சை ஒன்றே. முடங்கிக் கிடந்தோரே மிகுந்த நன்மை பெற்றனர்! சமாளித்தோரிடம் பெருமாற்றம் காணப்படவில்லை. அவர்க்குக் குறைவதற்கிருந்ததே சிறிது. ஆதரவற்றோரோ தேறவில்லை. பயிற்சி கற்பித்தோர் அவர்தம் வீட்டுக்குள் நுழைய இயலாதன்றோ?

இதனை அளவுக்கு மீறி நம்புதலும் தகாது. மிக மோசமான நிலையில் வருவோர் சிகிச்சையின்றியும் சிறிது தேறுதல் இயல்பே. அன்றியும், பிற ஆய்வுகளில் மனச்சோர்வு மிகுந்தோர் குறைந்த பயனே பெற்றதாகக் காணப்பட்டது. இக்கணிப்புகள் யாவும் கூட்டத்தைப் பற்றியவை. தனியொருவரை வாயிலிலேயே திருப்பியனுப்ப இவை சான்றாகா. பயன் பெறார் எனக் கணிக்கப்பட்டவர்க்கு வேண்டுவது வேறொரு தொடக்கம்: சோர்வுற்றவர்க்கு முதலிற் சோர்வுக்கான சிகிச்சை, கடியப்படுவோரின் கணவனையோ மனைவியையோ அழைத்து நோயின் தன்மையை விளக்குதல். எங்கே நோகின்றது என்று கேட்கும் வைத்தியர், நோவு மிகுந்த நாளில் வீட்டிலுள்ளோர் யாது சொல்கின்றனர் என்றுங் கேட்டறிவாராயின், எங்கே தொடங்குவதென்பது அவருக்குப் புலனாகும்.